கேளுங்க, சொல்றேன்: ‘இன்னும் ரெடியாகல’ன்னு எத்தனை வருஷம் சொல்வீங்க?

போன இதழ்ல, வளர்ச்சிக் குறைபாடு, அதாவது அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் மாதிரி, உள்ள பிள்ளைங்க பெரியவங்களானப்புறம் என்ன பண்றாங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன், அவ்ளோதான், கடிதம் குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட பக்கம் பத்தாது, அதனால ஒரே மாதிரி வந்ததைச் சேத்து சில கேள்விய மட்டும் எடுத்திருக்கேன். யாரு பேரும் ஊரும் போடல. நான் இருபது வருஷத்துக்கு மேல ஸ்பெஷல் எஜுகேட்டர், அதுல பாதி வருஷம் ஜாப் கோச், அதாவது வேலை இடத்துக்கே கூடப் போய் கத்துக்குடுக்குற ஆள். டாக்டரும் இல்ல, வக்கீலும் இல்ல, அதையும் இப்பவே சொல்லிடுறேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 23 வயசு, அறிவுத்திறன் குறைபாடு. அஞ்சு வருஷமா ஒரு தொழில் பயிற்சி சென்டருக்குப் போறான். பேப்பர் கவர் ஒட்டுறான், மெழுகுவத்தி பண்றான். எப்போ வேலைக்கு அனுப்பலாம்னு கேட்டா ‘இன்னும் ரெடியாகலம்மா, கவனம் பத்தல, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’னு சொல்றாங்க. வருஷா வருஷம் இதே பதில்தான். இந்தக் குழந்தை எப்பத்தான் ரெடியாவான்? – ஒரு அம்மா

பதில்: முதல்ல ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கம்மா. மேல 23 வயசுன்னு எழுதிட்டு கடைசி வரியில குழந்தைன்னு எழுதியிருக்கீங்க. பெத்தவளுக்கு எப்பவும் குழந்தைதான், புரியுது, ஆனா சென்டர்லயும் குழந்தைன்னு சொல்றாங்க, டாக்டரும் குழந்தைன்னு சொல்றாரு, கடைசியில வேலை குடுக்க வேண்டிய ஆளும் குழந்தையாத்தான் பாக்குறாரு, குழந்தைக்கு யாரு வேலை குடுப்பா சொல்லுங்க? நான் உங்க பையனை ‘அவர்’னுதான் எழுதப் போறேன், கொஞ்சம் பழகிக்கோங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த ‘ரெடியாகல’ங்கிறது, நீச்சல் கத்துக்கிட்டுத்தான் தண்ணியில கால் வைப்பேன்னு சொன்னவன் கதைதான். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்களுக்கு ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்கு அப்படியே தூக்கிட்டுப் போறது ரொம்ப கஷ்டம். சென்டர்ல தெரிஞ்ச மேஜை, தெரிஞ்ச டீச்சர், அமைதியான ரூம். அங்க அழகா கவர் ஒட்டுனவரை வேற இடத்துல உக்கார வச்சு, மேஜை உயரம் மாறி, பக்கத்துல மெஷின் சத்தமும் கேட்டுச்சுன்னா அவர் திரும்ப அ, ஆவன்னால இருந்துதான் ஆரம்பிக்கணும். சரி, எப்படியும் புது இடத்துல முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கப் போறாருன்னா, நடுவுல போன அஞ்சு வருஷம் எதுக்கு? அதைவிட, அந்தக் கவர் ஒட்டுற வேலையை வெளியில எந்த ஆபீஸாவது சம்பளம் குடுத்து செய்யச் சொல்லுதா?

1970கள்ல அமெரிக்காவுல மார்க் கோல்டுன்னு ஒருத்தர் இருந்தாரு. கடுமையான குறைபாடுன்னு முத்திரை குத்தி ஒதுக்கி வச்சிருந்த ஆளுங்ககிட்ட 15 பாகம் உள்ள சைக்கிள் பிரேக்கைக் குடுத்து பூட்டக் கத்துக்குடுத்தாரு. லெக்சர் எல்லாம் அடிக்கல. கையால காட்டுவாரு, தப்பா மாட்டுனா ‘வேற மாதிரி பண்ணிப் பாருங்க’ன்னு சொல்வாரு. பூட்டிட்டாங்க. ஒருத்தர் கத்துக்கலைன்னா அவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, நாம கத்துக்குடுத்த விதத்துல எங்க ஓட்டைன்னு பாருங்கங்கிறதுதான் அவர் சொன்னது. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் என் மேலயே எனக்குக் கோவம்.

‘முதல்ல வேலையில சேரு, அங்கேயே கத்துக்கோ’ங்கிற முறை அந்தக் காலத்துலதான் சூடு பிடிச்சது, சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட்னு பேரு, 1986ல அமெரிக்க சட்டத்துலயே அதுக்குன்னு இடம் குடுத்தாங்க. 1996ல சின்சினாட்டியில ஒரு குழந்தைகள் மருத்துவமனை, அங்க எமர்ஜென்சி பிரிவுல மருந்துப் பொருள், சாமான் எல்லாம் அடுக்குற வேலைக்கு ஆள் நிக்க மாட்டேங்குது, வர்றாங்க, போயிடுறாங்க. பொறுப்புல இருந்த நர்ஸம்மா, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கு இதைக் கத்துக்குடுத்தா என்னன்னு கேட்டாங்க. அதுதான் ‘பிராஜெக்ட் சர்ச்’னு ஆரம்பிச்சு இன்னிக்குப் பல நாட்டுல நடக்குது. படிப்பு முடிக்கிற வயசுல இருக்குறவங்க ஒரு வருஷம் முழுக்க நெஜமான வேலை இடத்துலயே இருப்பாங்க, பிரிவு மாத்தி மாத்தி வேலை பாத்து கத்துப்பாங்க.

நீங்க என்ன பண்ணலாம்னா, ரெண்டு வாரம் ஒரு நோட்டு வச்சுக்கிட்டு அவரைச் சும்மா கவனிங்க. சொல்லாமலே எதைச் செய்றாரு, எதை ஒழுங்குபடுத்தறாரு, எந்த நேரத்துல சுறுசுறுப்பு, எந்தச் சத்தம் பிடிக்கல, நின்னுக்கிட்டே செய்றது பிடிக்குமா உக்காந்தா. ‘செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா அவரே அடுக்கிடுவாரு’ன்னு ஒரு அம்மா சும்மா பேச்சுவாக்குல சொன்னாங்க, அந்த ஒரு வரிதான் அவங்க பையனுக்கு ஒரு லாண்டரியில துணி பிரிக்கிற வேலை வாங்கிக் குடுத்துச்சு. வேலை காலியா இருக்கான்னு கேக்காதீங்க, ஒரு இடத்துல மூணு நாலு பேர் ‘இதுக்கு நேரமே இல்ல’ன்னு தள்ளி வைக்கிற சின்னச் சின்ன வேலைய எல்லாம் சேத்தா ஒரு ஆளுக்கான வேலை வருமான்னு பாருங்க, அப்படித்தான் நிறைய பேருக்கு வேலை அமைஞ்சிருக்கு. வாரத்துல ரெண்டு நாள், ரெண்டு மணி நேரம், இவ்ளோ போதும் ஆரம்பிக்க.

சென்டர்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘ரெடின்னா என்னென்ன செய்யணும், எழுதிக் குடுங்க.’ எழுத முடியலைன்னா அங்க அப்படி ஒரு கணக்கே இல்லன்னு அர்த்தம்.

கேள்வி: கணக்கு சுத்தமா வராது, கடைக்கு எப்படி அனுப்புறது?

பதில்: கணக்கு வரணும்னு யாரு சொன்னா? ‘அடுத்த பத்து’ முறை கத்துக்குடுங்க. கடைக்காரர் முப்பத்தேழுன்னு சொன்னா மூணை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு மூணு பத்து நோட்டு, மேல இன்னொரு பத்து. எப்பவும் ஒண்ணு கூட. மிச்சத்தை எண்ண வேணாம், பர்ஸ்ல போட்டுட்டு வந்துடலாம். பர்ஸ்ல பத்து நோட்டு மட்டும்தான் வைக்கணும், கலந்து வச்சீங்கன்னா குழம்பிடுவாங்க. ஏமாத்திட்டா? ஏமாத்தினா ஒரு பத்துக்குள்ளதான் போகும், கணக்குல புலியா இருக்குற நம்ம எல்லாரும் அதைவிட ஜாஸ்தி ஏமாந்திருக்கோம்.

கேள்வி: என் மகளுக்கு 21 வயசு, டவுன் சிண்ட்ரோம். ஒரு லைப்ரரியில புத்தகம் அடுக்குற வேலை கிடைச்சிருக்கு. ஏழு ஸ்டாப் தள்ளி. நான்தான் கொண்டு போய் விடுறேன், கூட்டிட்டு வர்றேன். இப்போ தானே பஸ்ல போறேன்னு அடம் பிடிக்கிறா. அவ தைரியசாலி, எனக்குத்தான் நடுக்கம். ஏதாவது ஆயிடுச்சுன்னா? – ஒரு அப்பா

பதில்: ‘எனக்குத்தான் நடுக்கம்’னு ஒத்துக்கிட்டீங்களே சார், பாதி வேலை முடிஞ்சுது.

ராபர்ட் பெர்ஸ்கின்னு ஒருத்தர் 1972ல ஒரு கட்டுரை எழுதினாரு. ஸ்வீடன் டென்மார்க் பக்கம் எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்து, ரிஸ்க் எடுக்குறதுலயும் ஒரு மனுஷ மரியாதை இருக்கு, பாதுகாக்குறோம்னு சொல்லி அதைப் பிடுங்கிடுறோம்னு. இது எனக்கும் பிடிச்ச வார்த்தைதான், ஆனா இதை மட்டும் சொல்லிட்டு பொண்ணை பஸ்ல ஏத்தி விடச் சொன்னா அது அடாவடி. ரிஸ்க்கை சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணா விழுங்கணும்.

முதல் கொஞ்ச நாள் கூடவே போங்க, ஆனா நீங்க வழி காட்டாதீங்க, அவங்க முன்னாடி நடக்கட்டும், நீங்க பின்னாடி. எந்த பஸ்னு அவங்கதான் சொல்லணும். தப்பா சொன்னா உடனே திருத்தாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, பல நேரம் எட்டாவதுலயே அவங்களே திருத்திப்பாங்க. ஸ்டாப் எண்ணச் சொல்லாதீங்க, ஒரு நாள் பஸ் ஒரு ஸ்டாப்ல நிக்காம போயிடும், எண்ணிக்கை தப்பிடும். ஜன்னல்ல தெரியுற அடையாளமா மூணு பிடிங்க: பெரிய தண்ணி டேங்க் வந்தா பையை எடு, பாலம் வந்தா எழுந்திரு, இந்த மாதிரி. அப்புறம் அதே பஸ்ல நீங்க பின் சீட். அப்புறம் அவங்க பஸ்ல, நீங்க பின்னாடி வண்டியில. அப்புறம் நீங்க லைப்ரரி வாசல்ல. அப்புறம் லைப்ரரியில இருந்து ‘வந்துட்டாங்க’ன்னு ஒரு மெசேஜ், அவ்ளோதான். இதுக்கு ரெண்டு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்.

பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் என்னன்னா, எல்லாம் சரியா நடக்குற நாளை மட்டும் பழக்கிட்டு விட்டுடுவாங்க. தப்பா நடக்குற நாளைத்தான் பழக்கணும். வேணும்னே ஒரு நாள் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குங்க, என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. வேணும்னே போனை ஆஃப் பண்ணி வைங்க. தெரியாத ஆள் வந்து ‘உங்க அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு’ன்னு சொன்னா என்ன செய்யணும், இதை உங்க ஃப்ரெண்டு யாரையாவது விட்டு நடிக்க வச்சே பழக்குங்க, ஆனா நடிச்சு முடிச்சதும் இது பழக்கம்தான்னு சொல்லிடணும். உதவி யாருகிட்ட கேக்கணும்? ‘நல்லவங்க’கிட்டன்னு சொல்லிக்குடுக்காதீங்க, நல்லவங்க எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாது எனக்கும் தெரியாது. கண்டக்டர், யூனிஃபார்ம்ல இருக்குறவங்க, கவுன்டர் பின்னாடி இருக்குறவங்க, இப்படிக் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்குற மாதிரி சொல்லணும்.

அப்புறம் அந்த ‘அடம்’. வேலைக்குப் போற 21 வயசுப் பொண்ணு தானே போறேன்னு சொல்றதுக்குப் பேரு அடம் இல்ல சார்.

கேள்வி: என் டீம்ல ஆட்டிசம் உள்ள ஒருத்தர் சேந்திருக்காரு. பேக்கிங் செக்ஷன். வேலையில தப்பே வராது, ஆனா லைனை மாத்தினா, இல்ல ‘கொஞ்ச நேரம் அங்க போய் ஹெல்ப் பண்ணுங்க’ன்னு சொன்னா அப்படியே உறைஞ்சு போயிடுறாரு, ஒரு தடவ காதைப் பொத்திக்கிட்டு கத்திட்டாரு. மத்தவங்க பயப்படுறாங்க. நான் நல்லவிதமாத்தான் பேசுறேன். – ஒரு சூப்பர்வைசர்

பதில்: நல்லவிதமாப் பேசுறீங்க தம்பி, ஆனா தெளிவாப் பேசலை. ‘கொஞ்ச நேரம்’னா எவ்ளோ? ‘அங்க’ன்னா எங்க? ‘ஹெல்ப்’னா என்ன பண்ணணும்? முடிஞ்சதும் திரும்ப இங்க வரணுமா, பாதியில விட்ட டப்பா என்ன ஆகும்? நம்ம மூளை இந்த ஓட்டையை எல்லாம் தானா அடைச்சுக்கும், அவருக்கு அடையாது, இத்தனை கேள்வியும் ஒரே நேரத்துல தலைக்குள்ள கத்தும்.

வட கரோலினாவுல 1972ல இருந்து ‘டீச்’னு ஒரு திட்டம் நடக்குது, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வேலை இடத்தை எப்படி அமைக்கிறதுன்னு அவங்க வச்சிருக்குற கணக்கு ரொம்ப எளிமை. எந்த வேலை, எவ்வளவு, எப்ப முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும், முடிஞ்சா அடுத்து என்ன. இந்த நாலுக்கும் பதில் வாயால இல்லாம கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். ஒரு அட்டையில எழுதிக் குடுங்க: ‘11 மணிக்கு மூணாவது லைன். 40 டப்பா ஒட்டணும். 40 முடிஞ்சா திரும்ப இங்க.’ மாத்தம் இருக்குன்னா காலையிலயே சொல்லிடுங்க, அதே நிமிஷத்துல சொல்லாதீங்க. ‘சுத்தமா வைங்க’ன்னு சொல்றதை விட சுத்தமா இருக்குற மேஜையை ஒரு போட்டோ எடுத்து சுவத்துல ஒட்டுங்க.

காதைப் பொத்துனாருன்னு எழுதியிருக்கீங்களே, அந்த நேரத்துல அங்க என்ன சத்தம் ஓடுச்சுன்னு யாராவது பாத்தீங்களா? டேப் கிழிக்கிற சத்தமா கூட இருக்கலாம். சத்தத்தைத் தடுக்குற ஹெட்போன் ஒண்ணு, அஞ்சு நிமிஷம் போய் உக்கார ஒரு அமைதியான மூலை, இதுக்கு எல்லாம் கம்பெனி சொத்து கரையாது. கத்துற நேரத்துல யாரும் சுத்தி நின்னு ‘என்னாச்சு என்னாச்சு’ன்னு கேக்காதீங்க, பேச்சைக் குறைங்க, இடம் விடுங்க. அது அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு, அவர்கிட்டயே கேளுங்க, எது கஷ்டமா இருந்துச்சுன்னு. எழுதிக் கேட்டா சில பேரு பக்கம் பக்கமா எழுதித் தருவாங்க.

கேள்வி: அக்கா, நானும் ஜாப் கோச் ஆகிருக்கேன், எட்டு மாசம் ஆச்சு. நான் பக்கத்துல இருந்தா அவரு சூப்பரா வேலை பாக்குறாரு. நான் லீவு போட்டா அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு போன் வருது. என்ன தப்பு பண்றேன்?

பதில்: நான் பண்ண அதே தப்புதான் பாப்பா. சொல்றேன் கேளு.

ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில ஒரு பையனுக்கு, பையன் என்ன, முப்பது வயசு, பாரு எனக்கே வாய் தவறுது, அவருக்கு டவல் மடிக்கிற வேலை. நாலு மடிப்பு. நான் அவருக்கு எதிர்ல நின்னேன். ஒவ்வொரு டவல் முடிஞ்சதும் தலை நிமிந்து என்னைப் பாப்பாரு, நான் தலையாட்டுவேன், அடுத்ததை எடுப்பாரு. வாயே திறக்காம வேலை வாங்குறேன்னு எனக்கு அவ்ளோ பெருமை. ஒரு நாள் போன் வந்துச்சுன்னு வெளிய போயிட்டு இருபது நிமிஷம் கழிச்சு வர்றேன், மனுஷன் மடிச்ச டவலை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நான் நின்ன இடத்தையே பாத்துக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. இருபது நிமிஷமும். அப்பத்தான் உறைச்சுது, அவர் டவல் மடிக்கக் கத்துக்கல, டவல் மடிச்சுட்டு என் தலையாட்டலுக்குக் காத்திருக்கக் கத்துக்கிட்டாரு. அதைக் கத்துக்குடுத்தது நான்.

பத்து தட்டு உள்ள ஒரு ஸ்டாண்டு கொண்டு வந்து வச்சேன். ஒரு தட்டுல ஒரு டவல், பத்தும் நிறைஞ்சா தள்ளிட்டுப் போய் அலமாரியில வைக்கணும். ‘சரியா இருக்கா’ன்னு என் மூஞ்சி சொன்னதை இனிமே தட்டு சொல்லும். நான் எதிர்ல இருந்து பக்கத்துக்கு மாறுனேன், அப்புறம் பின்னாடி, அப்புறம் கதவுகிட்ட. முதல் மூணு நாள் திரும்பித் திரும்பித் தேடுனாரு, நான் செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன். கதவுகிட்ட போக மூணு வாரம், கதவுக்கு வெளிய போக இன்னும் ரெண்டு மாசம்.

அதனால நீ எதுல எல்லாம் சைகை குடுக்குறேன்னு முதல்ல கண்டுபிடி. புருவம், கை, ‘ம்’, அடுத்த சாமானை லேசா நகத்தி வைக்கிறது, இது எல்லாமே உதவிதான். யாரையாவது உன்னையே வீடியோ எடுக்கச் சொல்லு, பாத்தா சிரிச்சுடுவ. உதவி பண்றதுன்னா குறைச்சதுல இருந்து ஆரம்பி: முதல்ல காத்திரு, அப்புறம் சைகை, அப்புறம் வார்த்தை, கடைசியாத்தான் கை.

இன்னொண்ணு, கூட வேலை பாக்குறவங்க உன்கிட்ட வந்து ‘அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க’ன்னு கேப்பாங்க பாரு, அங்க நீ பதில் சொல்லாத. கூரையப் பாரு, போனைப் பாரு, இல்ல ‘அவர்கிட்டயே கேளுங்களேன்’னு சொல்லு. நீ நடுவுல நின்னா அவங்க ரெண்டு பேரும் பழகவே மாட்டாங்க. நீ போனப்புறம் அவருக்கு அங்க கூட இருக்கப் போறது அவங்கதான்.

கேள்வி: 17 வயசுப் பையன், குளிக்கிறது, டிரஸ் போடுறது எல்லாம் நான்தான். அவனை விட்டா ஒரு மணி நேரம் ஆகுது, எனக்கு ஆபீஸுக்கு டைம் ஆகுது.

பதில்: காலையில கத்துக்குடுக்காதீங்க, காலையில யாராலயும் முடியாது. சாயங்காலமோ லீவு நாள்லயோ வச்சுக்கோங்க. கடைசியில இருந்து ஆரம்பிங்க. சட்டைன்னா நீங்களே எல்லா பட்டனும் போட்டுட்டு, கடைசி பட்டனை ஓட்டைக்குள்ள பாதி நுழைச்சு விட்டுட்டு இழுக்குறதை மட்டும் அவர்கிட்ட விடுங்க. முடிச்சது யாரு? அவர். அது வந்ததும் கடைசி பட்டன் முழுசா அவரோடது, அப்புறம் கடைசி ரெண்டு. முதல் பட்டன்ல இருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நின்னு தோத்துப் போற மாதிரி இருக்கும், கடைசியில இருந்து வந்தா தினமும் ஜெயிச்சு முடிப்பாரு. பட்டனே வேணாம்னா டி-ஷர்ட் போடட்டும், எல்லா மலையையும் ஏறித்தான் ஆகணும்னு இல்ல. ஆனா குளிக்கிறதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, தன் உடம்பைத் தானே பாத்துக்கத் தெரிஞ்சவருக்குத்தான் வேற ஒருத்தர் தொட்டா அது தப்புன்னு தெரியும்.

கேள்வி: ரயில் பத்தி மட்டும்தான் பேசுவான். இதை வேலையா மாத்தலாமா?

பதில்: மாத்தலாம், சில பேருக்கு அருமையா அமைஞ்சிருக்கு. டென்மார்க்ல 2004ல தோர்கில் சோன்னன்னு ஒரு அப்பா, தன் மகனுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சப்புறம், அந்த உன்னிப்பான கவனம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்குப் பொருந்தும்னு ஒரு கம்பெனியே ஆரம்பிச்சாரு. ஆனா ஆட்டிசம்னாலே கம்ப்யூட்டர்ல மேதைன்னு ஒரு பேச்சு சுத்துது, அதை நம்பி எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வைக்காதீங்க. ரயில்ல அவருக்கு என்ன பிடிக்குதுன்னு தோண்டுங்க. டைம்டேபிளா, எஞ்சினா, சத்தமா, வரிசையா வர்ற பெட்டியா? டைம்டேபிள் பிடிச்சவரும் எஞ்சின் பிடிச்சவரும் வேற வேற வேலைக்குப் போக வேண்டிய ஆளுங்க. அவருக்கு ரயில் பொழுதுபோக்கா மட்டும் இருக்கணும்னு தோணினா அதையும் விட்டுடுங்க.

கேள்வி: என் தம்பிக்கு 38 வயசு, ஆட்டிசம், பேச்சு ரொம்பக் கம்மி. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிடுச்சு. எங்களுக்கப்புறம் யாருன்னு தினமும் அழுகை. ஒண்ணு நான் கார்டியன், அதாவது சட்டப்படி பொறுப்பாளர் ஆகி என்னோட வச்சுக்கணும், இல்ல ஒரு ஹோம்ல சேக்கணும். எது சரி? – ஒரு அக்கா

பதில்: இந்த ரெண்டும்தான் வழின்னு யாரு சொன்னா? உங்க கடிதத்துல அப்பா அம்மா, நீங்க, உங்க வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாரோட விருப்பமும் இருக்கு. தம்பிக்கு என்ன வேணும்னு ஒரு வரி கூட இல்ல. பேச மாட்டார்னு கேக்காமலே விட்டிருப்பீங்க, குத்தம் சொல்லல.

2006ல ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு. அதுல 19வது பிரிவு, எங்க வாழணும் யாரோட வாழணும்னு தேர்ந்தெடுக்குற உரிமை மத்தவங்களுக்கு இருக்குற மாதிரியே இவங்களுக்கும் இருக்குன்னு சொல்லுது. 12வது பிரிவு, முடிவெடுக்குற உரிமையை இவங்க கையில இருந்து எடுக்காம, முடிவெடுக்கத் தேவையான உதவியைக் குடுக்கணும்னு சொல்லுது. கார்டியன்னா பல இடத்துல உங்க கையெழுத்து வரும், அவரோடது போகும். உங்க நாட்டுச் சட்டத்துல எவ்வளவு அதிகாரம் போகுது, பணத்துக்கு மட்டும்னு குறுக்கிக்க முடியுமான்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு பண்ணாதீங்க.

கேக்குறது எப்படின்னா, இந்த ஊரு வேணுமா அந்த ஊரு வேணுமான்னு வாயால கேட்டா கடைசியா சொன்னதையே திரும்பச் சொல்வாரு, இல்ல எல்லாத்துக்கும் ‘ஆமா’ம்பாரு. போட்டோ வச்சு கேளுங்க, இடது வலது மாத்தி வச்சு இன்னொரு நாள் கேளுங்க. அதைவிட நல்லது, அனுபவிக்க விட்டுப் பாக்குறது. உங்க வீட்டுல ரெண்டு ராத்திரி, ஒரு சின்ன குரூப் ஹோம்ல (சில பேர் உதவியாளோட சேந்து வாழுற வீடு) ரெண்டு ராத்திரி, அப்பா அம்மா வீட்டுலயே சாயங்காலம் மட்டும் ஒரு உதவியாள் வந்து போறது, ஒவ்வொண்ணுலயும் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காலையில பையை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போறாரா, இது எல்லாமே பதில்தான்.

இதை அப்பா அம்மா நல்லா நடமாடுறப்பவே ஆரம்பிக்கணும். நான் பாத்ததுலயே கொடுமை எதுன்னா, அம்மா போன அன்னிக்கு ராத்திரியே வேற வீட்டுக்கு மாத்துனாங்க ஒருத்தரை, ஒரே நாள்ல அம்மாவும் போச்சு, கட்டிலும் போச்சு, ஜன்னலும் போச்சு, ஏன்னு சொல்ல ஆளும் இல்ல. ஆறு மாசம் அவர் எதுக்கும் அசையல, ‘நோய் முத்திடுச்சு’ன்னு சொன்னாங்க. துக்கம்யா அது.

அம்மாவை உக்கார வச்சு ஒரு நோட்டு எழுதுங்க. எந்தச் சத்தம் போட்டா வயித்து வலி, எந்தச் சத்தம் போட்டா சந்தோஷம், வேணாம்ங்கிறதை எப்படிக் காட்டுவாரு, எந்தத் துணி உறுத்தும், எந்த மருந்து எப்ப. இது எல்லாம் இப்ப அம்மா தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அப்புறம் நீங்க ஒரு ஆளா எல்லாத்தையும் சுமக்காதீங்க. அஞ்சு பேரைச் சேருங்க: ஒரு சொந்தம், ஒரு ஃப்ரெண்டு, அவரோட பழைய டீச்சர், பணம் தெரிஞ்ச ஒருத்தர், இப்படி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசுங்க, அவரையும் நடுவுல உக்கார வச்சுக்கிட்டு. ஒருத்தர் கையில மொத்த அதிகாரமும் இருந்தா அவர் நல்லவரா இருக்கணும்னு வேண்டிக்கணும், அஞ்சு பேர் இருந்தா ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க.

கேள்வி: வணக்கம். எனக்கு 28 வயசு. நான் சொல்றேன், என் ஃப்ரெண்டு டைப் பண்றாங்க. நான் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஜெராக்ஸ் எடுப்பேன், பேப்பர் கிழிக்கிற மெஷின் என்னோடது. சம்பளம் வருது. அப்பா ஏடிஎம் கார்டு வச்சுருக்காரு. எனக்கு நீல கலர் ஹெட்செட் வேணும். அப்பா வேணாம்னு சொன்னாரு. என் ரூமுக்கு பூட்டு வேணும். அம்மா வேணாம்னு சொன்னாங்க. நான் கோவப்பட்டேன். நான் தப்பா?

பதில்: வணக்கம் தம்பி. இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கடிதம் உங்களோடது. உங்க ஃப்ரெண்டுக்கும் நன்றி.

நீங்க தப்பு இல்ல. கோவம் வரலாம். அடிக்கக் கூடாது, பொருளை உடைக்கக் கூடாது. ‘எனக்குக் கோவம்’னு வாயால சொல்லலாம்.

சம்பளம் உங்களோடது. நீங்க வேலை பாத்தீங்க, அதனால வந்துச்சு. அப்பா பயப்படுறாரு, காசு தீந்துடும்னு. அப்பாகிட்ட இப்படிக் கேளுங்க: ‘மூணு டப்பா வைக்கலாமா? ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு சேமிப்புக்கு, ஒண்ணு எனக்கு.’ உங்க டப்பா காசை நீங்க செலவு பண்ணலாம். ஹெட்செட் வாங்க எவ்வளவு வேணும்னு பேப்பர்ல எழுதி டப்பா மேல ஒட்டுங்க. காசு சேந்ததும் வாங்குங்க. வாங்கினப்புறம் பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல. எல்லாருக்கும் அப்படி நடக்கும். எனக்கும் நடந்திருக்கு, ரெண்டு தடவை.

ஏடிஎம் ரகசிய நம்பரை ஃப்ரெண்டுகிட்ட கூட சொல்லாதீங்க. டைப் பண்ற இந்த ஃப்ரெண்டுகிட்டயும்தான். அவங்க கோச்சுக்க மாட்டாங்க.

உங்களை மாதிரி ஆளுங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. 1974ல அமெரிக்காவுல ஒரேகான்ங்கிற இடத்துல அவங்க எல்லாம் சேந்து ஒரு பெரிய கூட்டம் போட்டாங்க. ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’னு பேர் வச்சாங்க. முதல்ல நாங்க மனுஷங்க, அப்படின்னு அர்த்தம். அவங்களும் உங்களை மாதிரிதான் கேட்டாங்க, எங்க விஷயத்தை நாங்க பேசுறோம்னு.

பூட்டு. அம்மா பயப்படுறாங்க, உள்ள உங்களுக்கு உடம்பு சரியில்லாம போனா கதவு திறக்க முடியாதுன்னு. அதனால வெளியில இருந்தும் சாவி போட்டுத் திறக்குற பூட்டு வாங்கலாம். கடையில கேட்டா காட்டுவாங்க. அந்தப் பூட்டோட ரெண்டு சாவி வரும். ஒண்ணு உங்ககிட்ட இருக்கும். இன்னொண்ணை யாருகிட்ட குடுக்கணும்னு நீங்க சொல்லுங்க.